ராத்திரி முக்கால் மணி நேரம்தான் கிடைக்கும்: கில்ட் வார்ஸ் 2 ஆரம்பிக்கலாமா?

மொட்டைமாடி
செவ்வாய், இரவு 10:52

வணக்கம். இத்தனை நாள் வாசகனா மட்டும் இருந்துட்டு இப்பத்தான் முதல் தடவையா எழுதறேன். வயசு 36. ரெண்டு வயசுல ஒரு பொண்ணு. அவ ஒன்பது மணிக்குத் தூங்குவா. காலையில ஷிப்ட், அதனால பத்தேகாலுக்குள்ள நானும் படுத்தாகணும். நடுவுல கிடைக்கிற முக்கால் மணி நேரம் போன்ல ரீல்ஸ் தள்ளியே கரைஞ்சு போகுது. மறுநாள் என்ன பார்த்தேன்னு கேட்டா ஒண்ணுகூட ஞாபகம் இல்ல.

காலேஜ் நாள்ல பிரவுசிங் சென்டர்ல மணிக்கு இருபது ரூபா கொடுத்து துப்பாக்கி கேம் ஆடினதோட சரி. வாள், மந்திரம், டிராகன் வகையறா மேல மட்டும் எப்பவும் ஒரு கண்ணு. இப்ப கில்ட் வார்ஸ் 2ங்கற ஆன்லைன் கேமை ஆரம்பிக்கலாமான்னு யோசனை. இலவசமாத் தொடங்கலாம்னு போட்டிருக்கு, என் ஆறு வருஷப் பழைய லேப்டாப்லயும் ஓடும்ங்கறாங்க.

சந்தேகம் ரெண்டு. 2012ல வந்த கேம், இத்தனை வருஷம் கழிச்சு நுழைஞ்சு தினம் முக்கால் மணி நேரம் ஆடினா கடைசி வரைக்கும் எல்லாருக்கும் பின்னாடிதான் ஓடிட்டிருப்பேனா? இன்னொண்ணு, பாப்பா எப்ப வேணா முழிச்சுக்குவா. ஆன்லைன் கேம்ல நிறுத்தி வைக்கிற பட்டனே கிடையாதே, அப்ப என்ன பண்றது?

கொத்துபரோட்டா80
செவ்வாய், இரவு 11:20

தாராளமா ஆடலாம்ணே. நீங்க பயப்படற முதல் விஷயத்துக்கு இந்த கேம் பண்ணவங்க ஆரம்பத்துலயே ஒரு முடிவு எடுத்துட்டாங்க. வெளிவந்த அன்னிக்கு உச்ச லெவல் 80. அப்புறம் ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ் (2015), பாத் ஆஃப் ஃபயர் (2017), எண்ட் ஆஃப் டிராகன்ஸ் (2022)னு விரிவாக்கம் வந்துட்டே இருக்கு. லெவல் மட்டும் அதே 80ல நிக்குது. சாமானும், அதாவது கவசம் ஆயுதமும், அப்படித்தான். ஆரஞ்சு நிற எக்ஸாடிக் தரத்துல ஒரு செட் வாங்கிப் போட்டா திறந்தவெளி மேப் மொத்தத்துக்கும் போதும். அதுக்கு மேல அசெண்டட், அதுல பலம் கொஞ்சம்தான் கூடுதல். லெஜண்டரி, லெஜண்டரின்னு ஆளாளுக்குப் பறக்கறாங்களே, அதோட பலமும் அசெண்டட் அளவுதான். நினைச்சப்ப குணத்தை மாத்திக்கலாம், பார்க்க ஜிகுஜிகுன்னு இருக்கும், அவ்வளவே.

நான் 2019ல நிறுத்திட்டு 2022ல திரும்ப வந்தேன். மூணு வருஷம் கழிச்சுப் பெட்டியைத் திறந்தா பழைய கோடாலி அப்படியே செல்லுபடியாகுது. கண்ணுல தண்ணி வந்துருச்சு.

மாசச் சந்தா கிடையாது. 2015லேர்ந்து அடிப்படை கேம் இலவசம். இலவசக் கணக்குல ரெண்டு கேரக்டர்தான், சந்தையில எல்லாத்தையும் வாங்க விக்க முடியாது, சாட்லயும் கட்டுப்பாடு. பழகிப் பார்க்க அது போதும். ஒண்ணே ஒண்ணு: ஸ்டீம்ங்கற ஆன்லைன் கேம் கடையில கணக்கு தொடங்கினா பின்னாடி விரிவாக்கமும் ஸ்டீம்லயேதான் வாங்கணும். கம்பெனி தளத்துல நேரடியாத் தொடங்கின கணக்கை ஸ்டீமோட ஒட்ட வைக்க முடியாது. முதல் நாளே எதுன்னு முடிவு பண்ணிட்டு இறங்குங்க. நான் படிக்காம அவசரப்பட்டு ரெண்டு கணக்கு வெச்சுக்கிட்டு முழிக்கிறேன்.

பினாங்குப்பழசு
புதன், காலை 6:41

பேச்சுத் தமிழில் எழுதினால் எனக்கு எழுத்துப் பிழை கூடிவிடும், ஆகவே இப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2006இல் நான் கோலாலம்பூரில் வேலை பார்த்தேன். அப்போது ஆடியது வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேம். மோல்டன் கோர் என்ற எரிமலைக் குகைக்கு நாற்பது பேர் சேர்ந்து போக வேண்டும். நாங்கள் இருந்தது ஓஷியானிக் சர்வர், எல்லாம் சிட்னி நேரம். அங்கே இரவு எட்டு மணி என்றால் எனக்கு மாலை ஆறு. அவர்களுக்குக் கோடைகாலம் வந்தால் ஐந்து. ஐந்து மணிக்கு எந்த முதலாளி வீட்டுக்கு விடுவான்? மேசைக்கடியில் பையைத் தயாராக வைத்துக்கொண்டு நாலே முக்காலிலிருந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

வந்த ஆளுக்குப் புள்ளி, அந்தப் புள்ளியைக் கொடுத்துத்தான் சாமான் எடுக்கலாம். டிகேபி என்போம். அம்மாவின் ஆபரேஷனுக்காக இரண்டு வாரம் போகவில்லை. திரும்பி வந்தபோது நான் ஆறு மாதம் காத்திருந்த தோள்கவசம் இன்னொருவர் தோளில் இருந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது, விதி அது. பிறகு 2007 ஜனவரியில் பர்னிங் குருசேட் என்ற விரிவாக்கம் வந்தது. புதிய மேப்பில் முதல் சில சிறு வேலைகளை (குவெஸ்ட்) முடித்ததற்குக் கொடுத்த பச்சைச் சாமான், நாற்பது பேர் மாதக்கணக்கில் இரவு கண்விழித்துச் சேர்த்த ஊதாச் சாமானுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அன்றைக்குத்தான் மூடி வைத்தேன்.

அந்த கேமும் இப்போது அப்படி இல்லை. 2024இல் வந்த விரிவாக்கத்தில் டெல்வ் என்று ஒன்று இருக்கிறது, தனியாகவே போய்க் கால் மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஆனால் மாதம் பதினைந்து டாலர் கட்ட வேண்டும். முக்கால் மணி நேரக்காரருக்கு அது உறுத்தும். கட்டிய காசுக்கு ஆடித் தீர்க்க வேண்டும் என்று மனசு கணக்குப் போடும்.

எந்த கேமானாலும் நான் இப்போது முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: பாதியில் எழுந்து போனால் எத்தனை பேர் எனக்காகக் காத்திருக்க வேண்டி வரும்? தம்பியின் இரண்டாவது சந்தேகம்தான் முதல் சந்தேகமாக இருக்க வேண்டும்.

வெட்டரிவாள்
புதன், காலை 9:15

ஆளாளுக்குத் தேன் தடவிக் கொடுக்கறீங்க, நான் வேப்பெண்ணெய் ஊத்தறேன்.

கில்ட் வார்ஸ் 2 திறந்தவெளின்னா என்ன? அம்பது பேர் கும்பல் ஒரு பெரிய மிருகத்தைச் சுத்தி நிக்கும். திரை முழுக்க வாணவேடிக்கை. நீங்க ஒண்ணாம் நம்பர் பட்டனை அமுக்கிட்டே இருப்பீங்க. மிருகம் செத்துடும். உங்க அடி பட்டுச்சா இல்லையான்னு உங்களுக்கே தெரியாது. இந்த கேமோட நிஜமான சண்டை அஞ்சு பேர் போற ஃபிராக்டல்லயும் பத்து பேர் போற ரெய்டுலயும் இருக்கு. யார் எப்ப எந்தத் திறனைப் போடணும்னு கை தானாப் பழகணும். அதுக்கு வாரத்துல ரெண்டு நாள் ரெண்டு மணி நேரம் வேணும், பேசி வெச்ச ஆளும் வேணும்.

ஆன்லைன் கேமை ஊறுகாய் மாதிரி தொட்டுக்கிட்டா ஊறுகாய் ருசிதான் தெரியும், சோறு தெரியாது. முக்கால் மணி நேரம்தான்னா ஆஃப்லைன்ல ஒரு நல்ல ஆர்பிஜி, அதான் கதையில ஒரு பாத்திரமா ஆடற கேம், வாங்குங்க. பாப்பா அழுதா சேவ் பண்ணிட்டுப் போங்க. ஊர் பேர் தெரியாத கும்பலோட உங்களுக்கு என்ன வேலை?

கொத்துபரோட்டா80
புதன், காலை 9:32

வெட்டு, நீ ரெய்டுல பாதி நேரம் தரையில படுத்திருந்தது எங்களுக்குத் தெரியும். 😀

வெட்டரிவாள்
புதன், காலை 9:33

அது நெட் லேக்.

சுன்னாகத்தாள்
புதன், மாலை 7:05

ஊர் பேர் தெரியாத கும்பலோட என்ன வேலை எண்டு கேட்ட தம்பிக்கு என்ர கதையைச் சொல்லுறன்.

நான் ரொறன்ரோவில, என்ர தம்பி யாழ்ப்பாணத்தில. முந்தி கிழமைக்கு ஒருக்கா வீடியோ கோல் எடுப்பம். சாப்பிட்டியா, அம்மாவின்ர பிரஷர் என்ன மாதிரி, அங்க குளிரே. பத்து நிமிசத்தில கதை முடிஞ்சிடும். பிறகு ரெண்டு பேரும் ஆளை ஆள் பார்த்துக்கொண்டு இருப்பம்.

இந்த கேமில டெக்வாட்டில் எண்டு ஒரு செத்த டிராகன் இருக்கு. ஸ்பார்க்ஃபிளை ஃபென் எண்ட சதுப்பு நிலத்தில கடலுக்குள்ள இருந்து எழும்பி வரும். பஸ் மாதிரி நேரம் குறிச்சு வரும், அதுதான் வசதி. உலக நேரம் 16:00க்கு ஒரு தரம். ஊரில அது இரவு ஒன்பதரை. எங்களுக்குக் கோடையில மத்தியானம் பன்னிரண்டு, குளிர்காலத்தில பதினொண்டு. சனிக்கிழமை ரெண்டு பேருக்கும் தோதான நேரம்.

கொல்லப் பதினைஞ்சு நிமிசம் தருவாங்கள். கரையில ஆறு பீரங்கி. ஆறு பேர் அதில ஏறி நிண்டு அதின்ர தோலில தடிக்கிற செதிலைச் சுட்டு உதிர்க்காட்டி மற்ற ஆக்களின்ர அடி ஏறாது. நிலத்தில நஞ்சு கொப்பளிக்கும், விலகோணும். அலை ஒண்டு உருண்டு வரும், சரியான நேரத்தில துள்ளிப் பாயோணும், இல்லாட்டி விழுந்திடுவீங்கள். டிராகனின்ர உயிர் முக்கால், அரை, கால் எண்டு குறையிற நேரம் அது பறந்திடும். அப்ப எல்லாரும் பிரிஞ்சு ஓடிப்போய் பற்றரிகளைக் காக்கோணும். ஒண்டாம் நம்பரை அமத்திக்கொண்டு நிக்கிற சண்டை இல்லை இது. ஆனா நான் ஒராள் பிழை விட்டா மற்ற நாற்பது பேரும் தாங்குவினம். பத்துப் பேர் ரெய்டில அது நடக்காது.

விழுந்து கிடந்தா பக்கத்தில போற ஆரும் குனிஞ்சு எழுப்பி விடுவினம். அவைக்கும் அதில அனுபவப் புள்ளி வரும் எண்டது உண்மைதான், எண்டாலும் சந்தோசமாத்தான் இருக்கு. பெட்டியும் ஆளாளுக்குத் தனித்தனி. ஒராள் எடுத்தா மற்றாளுக்குக் குறையாது. மரம் வெட்டினாலும் கல் உடைச்சாலும் அப்பிடித்தான். பக்கத்தில இன்னொராள் வாறதைக் கண்டா எரிச்சல் வராத ஒரு கேமை நான் இதுக்கு முதல் ஆடேல்லை.

முக்கியமான விசயம், கை வேலையா இருந்தா வாய் தானாத் திறக்கும். தம்பி தன்ர வேலை போனதை ஆருக்கும் சொல்லாமல் ஒரு மாசம் வச்சிருந்தவன். எனக்குச் சொன்னது டிராகன் சாக ரெண்டு நிமிசம் இருக்கேக்க. "அக்கா இடப்பக்கம் அலை வருது, பாயுங்கோ. அக்கா எனக்கு வேலை போட்டுது." நான் பாயேல்லை. விழுந்திட்டன்.

ஆரேன் சொந்தக்காரரோட சேர்ந்து ஆடுறதெண்டா, தொடங்கேக்க அமெரிக்காவோ ஐரோப்பாவோ எண்டு ரெண்டு பேரும் ஒரே பக்கத்தை எடுக்கோணும். மாறி எடுத்தா ஒரு மேப்பில சந்திக்கேலாது.

மொட்டைமாடி
புதன், இரவு 9:48

அக்கா, படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தம்பிக்கு வேலை கிடைச்சுதா?

பழசு ஐயா சொன்னதுதான் மண்டையில ஓடுது. சரி, பாதியில எழுந்து போனா இந்த கேம்ல யார் காத்திருப்பாங்க?

கொத்துபரோட்டா80
புதன், இரவு 10:10

திறந்தவெளியில ஒருத்தனும் காத்திருக்க மாட்டான். அடிச்சிட்டிருக்கும்போதே லேப்டாப்பை மூடிட்டுப் போனாலும் கேட்க ஆள் இல்ல. உங்க நேரத்துக்கே சொல்றேன். 9:15க்கு குவீன்ஸ்டேல்ல நிழல் ராட்சசன், ஷேடோ பெஹிமத், சதுப்புல எழும்பும். மனுஷ இனம் தேர்ந்தெடுத்தா அந்த மேப்புலதான் தொடங்குவீங்க, முதல் வாரத்துலயே பார்த்துடலாம். அது முடிஞ்சா 9:30க்கு அக்கா சொன்ன டெக்வாட்டில். பத்து மணிக்குள்ள ரெண்டு பெட்டியும் கையில. ஸ்பார்க்ஃபிளை ஃபென்ல ஐம்பத்தஞ்சு லெவலுக்கு மேல இருக்கிற மிருகங்க சுத்தும், அதனால டிராகன் பக்கம் மட்டும் கொஞ்ச நாள் கழிச்சுப் போங்க.

சர்வர் அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும்தான். ஐரோப்பா எடுத்தா எனக்கு பிங், அதாவது சர்வர் பதில் வர்ற நேரம், 160 மில்லிசெகண்ட் கிட்ட வருது. மாசக் கடைசியில எங்க நெட்காரன் வேகத்தைக் குறைக்கிறப்ப மட்டும் டிராகன் ஸ்லைடு ஷோ மாதிரி பறக்கும்.

சுன்னாகத்தாள்
புதன், இரவு 10:26

கிடைச்சிட்டுது தம்பி. இப்ப இரவு வேலை, அதால சனிக்கிழமை டிராகன் ஞாயிறுக்கு மாறிட்டுது.

மின்சாரரயில்
வியாழன், காலை 8:02

தாம்பரம் பீச் வண்டியில நின்னுக்கிட்டே டைப் அடிக்கிறேன், பிழை இருந்தா மன்னிக்கவும்.

லேப்டாப்பே வேணாம் சார். ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப். 2018லேர்ந்து போன்லயே இருக்கு, கம்ப்யூட்டர்லயும் அதே கணக்குதான். படம் பார்க்க இருபது வருஷப் பழசு மாதிரி இருக்கும், அதுதான் அதோட அழகு. நான் லாப்ஸ்டர் பிடிக்கிறேன். குரோம்பேட்டையில கூண்டு போட ஆரம்பிச்சா மீனம்பாக்கம் தாண்டறதுக்குள்ள பை நிறைஞ்சிடும், மொத்தமே 28 இடம்தான். பக்கத்து ஆள் தோள்ல இடிச்சாலும் லாப்ஸ்டர் பாட்டுக்கு விழும். மூச்சு விடற மாதிரி ஆடலாம்.

ஒரே ஒரு கொடுமை. ஒரு திறனை 99 ஆக்க 1,30,34,431 புள்ளி வேணும். 92 வந்ததும் கிட்ட வந்துட்டோம்னு துள்ளுவீங்க. கணக்குப் பார்த்தா 92தான் பாதி வழி. கிண்டி வந்துருச்சு, இறங்கறேன்.

நிலாச்சோறு
வியாழன், பகல் 1:30

ஃபைனல் ஃபேண்டஸி 14 பேரை யாருமே எடுக்கலையே? கதைதான் அதோட உயிர். இலவசமாவே லெவல் 70 வரைக்கும், ரெண்டு விரிவாக்கம் உள்பட, காலக்கெடு இல்லாம ஆடலாம். ஆரம்பக் கதை மெகா சீரியல் வேகம், நூறு எபிசோட் பொறுத்துக்கணும். அப்புறம் விடாது.

ஆனா நேர்மையா சொல்லணும்னா உங்க நிலைமைக்கு அது ரெண்டாவது இடம்தான். குகைக்குள்ள நாலு பேராப் போறப்ப நீங்க பாதியில ஓடினா மத்த மூணு பேர் மாட்டிப்பாங்க, உங்களுக்கும் அரை மணி நேரம் கதவு சாத்திடும். கதைக் குகைகளைக் கணினியே ஓட்டற துணையாளுங்களோட தனியாப் போகவும் இப்ப வழி இருக்கு, அதைப் பயன்படுத்தினா சமாளிக்கலாம். சந்தா கட்டி கேமுக்குள்ள வீடு வாங்கினா மட்டும் ஜாக்கிரதை. 45 நாள் எட்டிப் பார்க்கலைன்னா இடிச்சிடுவாங்க. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப என் வீடு போச்சு. குழந்தை பிறந்த சந்தோஷத்துல அதுக்காக அழ நேரமில்ல, இப்ப நினைச்சா வலிக்குது.

பினாங்குப்பழசு
வியாழன், இரவு 8:17

தம்பி தொடங்கப் போகிறார் என்றே தெரிகிறது. ஒரு எச்சரிக்கை மட்டும். அந்த கேமில் மந்திரவாதியின் பெட்டகம், விசார்ட்ஸ் வால்ட், என்று ஒரு பக்கம் இருக்கிறது. இன்றைக்கு இதைச் செய், இந்த வாரம் அதைச் செய் என்று பட்டியல் கொடுக்கும், முடித்தால் காசு. காசு நல்ல காசு, மறுக்கவில்லை. முதல் மாதம் சந்தோஷமாக டிக் அடித்தேன். மூன்றாவது மாதம் காய்ச்சலில் படுத்திருந்தபோது எழுந்து உட்கார்ந்து நான்கு மீன் பிடித்துவிட்டுத் திரும்பப் படுத்தேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, சும்மா பார்த்தாள். மறுநாளிலிருந்து அந்தப் பக்கத்தை வாரம் ஒரு முறைதான் திறக்கிறேன்.

சாவி போட்டுத் திறக்கிற பிளாக் லயன் பெட்டியையும் தொடாதீர்கள். அது சூதாட்டம்தான். காசு செலவழித்தே ஆக வேண்டும் என்று கை அரித்தால் பைக்கு இடம் வாங்குங்கள்.

வெட்டரிவாள்
வியாழன், இரவு 8:40

பைக்கு இடம் வாங்கற விஷயத்துல மட்டும் பழசோட ஒத்துப்போறேன். மத்ததுல என் கருத்து அப்படியேதான் இருக்கு. எண்பது வந்ததும் போரடிச்சா இங்க வந்து சொல்லுங்க, ரெய்டுக்கு ஒரு ஆள் எப்பவும் குறைவுதான்.

மொட்டைமாடி
ஆறு வாரம் கழித்து, ஞாயிறு இரவு 10:31

திரும்ப வந்துட்டேன். நெக்ரோமான்சர், அதான் பிணத்தை எழுப்பற மந்திரவாதி, எடுத்தேன், லெவல் 61. வாரத்துல நாலு நாள்தான் ஆடறேன், மத்த நாள் நானே பாப்பாவுக்கு முன்னாடி தூங்கிடறேன். முதல் ரெண்டு வாரம் ஒண்ணும் புரியல. வெட்டு சொன்ன மாதிரி ஒண்ணாம் நம்பரைத்தான் அமுக்கிட்டிருந்தேன். நிழல் ராட்சசன் எந்தப் பக்கம் பார்த்து நிக்கறான்னே மூணாவது தடவைதான் கவனிச்சேன்.

இன்னிக்கு முதல் தடவையா டெக்வாட்டில். அலைக்கு ரெண்டு தரம் சரியாத் துள்ளிட்டேன் அக்கா! டிராகனோட உயிர் கால்வாசிக்கு வந்தப்ப உள்ளேர்ந்து "அப்பா"ன்னு குரல். அப்படியே போட்டுட்டு ஓடினேன். தண்ணி குடுத்து, தோள்ல போட்டுத் தட்டித் தூங்க வெச்சிட்டு வந்து பார்க்கறேன், சண்டை முடிஞ்சு கரையே காலி. நான் செத்துக் கிடக்கேன். பக்கத்துல ஒரு சார், அதான் அந்தப் பூனை மூஞ்சி இனம், குனிஞ்சு என்னை எழுப்பிக்கிட்டிருக்கு. எழுந்ததும் பெட்டி இருக்கிற பக்கமா ரெண்டு அடி ஓடி, திரும்பி நின்னு, கை ஆட்டிட்டுப் போயிடுச்சு. போய்த் திறந்தேன், இருந்தது.

இப்ப ஒரு அவசரக் கேள்வி. பை நிறைஞ்சு வழியுது. நீலம், பச்சை, மஞ்சள்னு கலர் கலரா கிடக்கு. விக்கறதா உடைக்கறதா?

கொத்துபரோட்டா80
ஞாயிறு, இரவு 10:44

நீலம் பச்சையை, சாமானை உடைக்கிற மலிவான கிட் வெச்சு உடைங்கண்ணே. வர்ற துணி, தோல், இரும்பையெல்லாம் அப்படியே பொருள் பெட்டகத்துக்குத் தள்ளிடலாம், ஒவ்வொண்ணுலயும் 250 கொள்ளும். மஞ்சள்ல லெவல் 68லேர்ந்து மேல உள்ளதை மட்டும் நல்ல கிட்ல உடைங்க, எக்டோங்கற பொருள் விழும், அதுக்கு எப்பவும் நல்ல விலை.

சுன்னாகத்தாள்
ஞாயிறு, இரவு 10:50

ஆரஞ்சு நிறம் ஏதும் விழுந்தா உடைச்சுப் போடாதேங்கோ. முதல்ல இங்க படம் எடுத்துப் போடுங்கோ, பார்த்துச் சொல்லுறம்.